எருக்கம்பாறையில் நட்ட கல்

எருக்கம்பாறைப் பாளையத்தில் ராஜா நினைத்தால் யாரையும் சிறையில் போடுவார். ஏன் என்று கேட்க எவருக்கும் உரிமை கிடையாது. அரண்மனையில் நெல் குத்தும் மூக்காயியின் புருஷன் சுடலையையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பல மாதம் பயந்து கிடந்தவள், ஒருநாள் துணிந்து சபையில் போய் நின்றாள்.

"அவரு செஞ்ச குத்தம் என்னன்னு சொல்லுங்க சாமி."

ராஜா சிரித்தார். "நான் நீதிமான். நான் தவறு செய்வேன் என்று இந்தச் சபையில் யாராவது ஒருவனைச் சொல்லச் சொல். உன் புருஷனை விட்டுவிடுகிறேன்."

ராஜாவுக்கு எதிரே எவன் வாயைத் திறப்பான்?

"சாமி தப்பே செய்ய மாட்டீங்க," என்றாள் மூக்காயி. "அதனால இந்த அதிகாரத்தைக் கல்லுல வெட்டி வச்சிருங்க. நாளைக்கு உங்க தம்பி பட்டத்துக்கு வந்தாலும், காரணம் சொல்லாம யாரையும் அடைக்கலாம்னு. உங்க பிள்ளைகளையுந்தான்."

ராஜா பக்கத்தில் இருந்த தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

ராஜா கல்தச்சனை வரவழைத்தார். பிறகு, காரணம் சொல்லாமல், விசாரிக்காமல், இனி எந்த ராஜாவும் யாரையும் அடைக்கக் கூடாது என்று கல்லில் வெட்டச் சொன்னார். சிறையைத் திறக்கவும் உத்தரவிட்டார்.

அடைபட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சுடலை வரவில்லை. முந்தின மாதமே காய்ச்சலில் செத்துப்போயிருந்தான். வீட்டுக்குச் சொல்லியனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

கல் நட்ட அன்று ஊரார் அவளைச் சூழ்ந்துகொண்டு, "உன் ஒரு பேச்சால நாங்க பிழைச்சோம் தாயி," என்றார்கள்.

"அவரைப் பிடிச்ச அன்னைக்கே இந்தப் பேச்சு எனக்குத் தோணுச்சு," என்றாள் மூக்காயி. "போய்க் கேக்கத்தான் பயந்துட்டேன்."