உழைக்கிற பூட்ஸ்

முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்ற சங்கரலிங்கத்துக்கு, ஐம்பத்தொன்பதாவது வயதில் குதிரை ஆசை பிடித்தது. தாராபுரம் ரோட்டில் ஜமீலாவின் குதிரைப் பண்ணையில் போய்ச் சேர்ந்தார். குருவுக்குச் சிஷ்யரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. சிஷ்யர் "மாஸ்டர்" என்பார், குரு "சார்" என்பார்.

அந்தப் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. குதிரை ஏறியவர் யாராக இருந்தாலும், இறங்கியதும் லத்தி அள்ளி, லாயத்தைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சங்கரலிங்கம் சவாரி, லாய வேலை இரண்டையும் பண்ணையின் பழைய பூட்ஸில் சமாளித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் வேலிக்குள்ளேயே வட்டமடித்தபின் ஒரு நாள் ஜமீலா சொன்னார்.

"சொந்தமா ஒரு பூட்ஸ் வாங்கிட்டு வாங்க சார். ஞாயித்துக்கிழமை குளத்துக் கரைக்குத் தனியா அனுப்பறேனுங்க."

சங்கரலிங்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எந்த பூட்ஸ் ரொம்ப நாள் உழைக்கும், மாஸ்டர்?"

"நீங்களே வாங்குங்க. பாத்துச் சொல்றேன்."

மனுஷர் நாலு ஊர்க் கடைகள் ஏறி இறங்கினார். தையலை நகத்தால் சுரண்டினார், தோலை மோந்து பார்த்தார். பெண் பார்க்கப் போனபோதுகூட அவர் இத்தனை கேள்வி கேட்டதில்லை. கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு ஜோடி அமைந்தது. அகலமான முனை, உள்ளே இரும்புத் தகடு. டிராக்டர் டயர் மாதிரி பட்டை பட்டையான அடி. கணுக்காலுக்கு மேலே வரை இறுக்கிக் கட்டும் கயிறு.

சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு லாயம் கழுவினார். சேற்றில் ஓரிடத்திலும் வழுக்கவில்லை. பவளம் என்கிற பெட்டைக் குதிரை அவர் கால்மேலேயே ஏறி நின்றது. அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"எப்படி, மாஸ்டர்?"

"சேத்துக்கு அருமையான பூட்ஸுங்க" என்ற ஜமீலா, அவரைச் சேண அறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு மரச் சட்டத்தின்மேல் சேணம் ஏற்றியிருந்தது. இரண்டு பக்கமும் கால் வைக்கும் இரும்பு வளையங்கள் தொங்கின.

"உக்காருங்க சார். வளையத்துல காலை நல்லா விடுங்க."

அகல முனை இடித்தது. அழுத்தி உள்ளே விட்டார்.

"இப்ப விழுங்க."

"விழறதா?"

"குதிரை மெரண்டா எப்படி விழுவீங்களோ, அப்படி. கீழ வைக்கோலுதான்."

சங்கரலிங்கம் இடப்பக்கம் சரிந்தார். தலையும் முதுகும் வைக்கோலுக்கு வந்துவிட்டன, இடது கால் மட்டும் வரவில்லை. பட்டை அடி இரும்பைக் கவ்விக்கொண்டிருந்தது. இழுத்தார், திருகினார். இழுக்க இழுக்க இறுகியது.

ஜமீலா குனியவில்லை. "பவளம் இந்நேரம் எவ்வளவு தூரம் ஓடியிருப்பா, சார்?"

அளந்தே பழகிய வாய், தலைகீழாகக் கிடந்தும் கணக்குச் சொன்னது. "நூத்தம்பது மீட்டர் இருக்கும்." சொன்ன பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது.

ஜமீலா கயிற்றை அவிழ்த்துக் காலை விடுவித்தார். தன் பூட்ஸைத் தூக்கிக் காட்டினார். வழவழப்பான அடி, ஒல்லி முனை, சின்னக் குதிகால். கட்டுவதற்குக் கயிறே இல்லை.

"இது லாயத்துல வழுக்குமே, மாஸ்டர்?"

"வழுக்குமுங்க. அங்க ரப்பர் பூட்ஸ் மாத்திக்குவேன்."

சங்கரலிங்கத்துக்கு மனசு ஆறவில்லை. வாங்கிய பொருளை அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறவர் இல்லை அவர்.

"உங்களுது அடியெல்லாம் தேஞ்சு கிடக்கு. என்னுது எத்தனையோ வருஷம் உழைக்கும், மாஸ்டர். அதுக்கு மதிப்பு இல்லையா?"

ஜமீலா பரணிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். உள்ளே ஒரு பூட்ஸ். சங்கரலிங்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் ஒன்றுகூட விடவில்லை. தோல் வெடிக்கவில்லை. பட்டை அடி தேயாமல் அப்படியே இருந்தது.

"அபாரம், மாஸ்டர். எத்தனை வருஷம் ஆச்சு?"

"பதினோரு வருஷம்."

"யாருது?"

"என் வீட்டுக்காரரோடதுங்க."

"இடது கால் மட்டும் இருக்கே. இதோட ஜோடி எங்கே?"

ஜமீலா அதைத் திரும்ப வாங்கித் துணியில் சுற்றினார்.

"அது குளத்துக் கரையிலயே கழண்டு விழுந்துருச்சுங்க சார். இது வளையத்தை விட்டுக் கழலலைங்க."