மேட்டில் நின்ற கஸ்பார்

புயலில் வீடிழந்தவர்களுக்கு மடத்தில் கஞ்சி ஊற்றுவது சீடர் திருமேனியின் பொறுப்பு. அன்று அகப்பை பானையின் அடியைத் தட்டியபோதும் வரிசை முடியவில்லை. மனிதருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேரே குருவிடம் போனார்.

"சாமி, நமக்கு வந்த நன்கொடையில பாதியை, புயலை முன்கூட்டியே பாத்துச் சொல்லச் செயற்கைக்கோள் செய்யுற காலேஜ் பிள்ளைங்களுக்குக் குடுக்கச் சொன்னீங்களாமே?"

"சொன்னேன்."

"இங்க வயிறு காயுது. வானத்துல என்ன கிடக்கு?"

குரு எழுந்தார்.

"கரைவலை இழுக்க ஆள் பத்தலையாம். வா" என்றார்.

கடற்கரையில் ஊரே இரண்டு கயிறுகளாகப் பிரிந்து நின்று ஒரே வலையை இழுத்துக்கொண்டிருந்தது. குரு ஒரு கயிற்றைப் பிடித்தார், திருமேனி மற்றதை. கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரிந்தது. நிமிர்ந்து பார்த்தால், மணல்மேட்டில் மீனவன் கஸ்பார் கையில் துண்டோடு கடலைப் பார்த்தபடி சும்மா நிற்கிறான். திருமேனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏய், என்ன வேடிக்கை? வயசானவங்க எல்லாம் இழுக்கிறாங்க, இறங்கி வா!"

"நான் இங்க நின்னுதான் பாக்கணும் சாமியாரே."

"பங்கு மட்டும் வாங்கத் தெரியுதுல்ல?"

அந்தப் பேச்சு அவனைச் சுட்டுவிட்டது. விறுவிறுவென இறங்கிவந்து திருமேனிக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்தான். அந்தப் பக்கம் மளமளவென்று ஏறியது. திருமேனிக்கு ஒரே பெருமை. குருவின் பக்கம் பின்தங்கியது. தண்ணீருக்குள் வலை ஒருபுறமாகச் சாய்ந்ததைக் கீழே நின்ற யாரும் பார்க்க முடியவில்லை. துண்டை வீசி மெதுவாக இழுக்கச் சொல்ல மேட்டில் ஆளில்லை.

வலை கரையேறியபோது அதில் பாசியும் சில நண்டுகளும்தான் இருந்தன.

யாரும் திருமேனியைத் திட்டவில்லை. கூடையோடு காத்திருந்த மீன்காரி ரெஜினா மட்டும் வலையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"சாமி, நாளைக்குக் கஞ்சிப் பானையில எங்களுக்கும் சேத்துத் தண்ணி ஊத்துங்க."

திருமேனிக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பும் வழியில் குருவிடம் சொன்னார்.

"புரிஞ்சுபோச்சு சாமி. பாதி எதுக்கு? மொத்தத்தையும் அந்தப் பிள்ளைங்களுக்கே குடுத்திருவோம்."

குரு நின்றார். கயிறு அறுத்திருந்த உள்ளங்கையைக் கடல்நீரில் கழுவிக்கொண்டே கேட்டார்.

"எல்லாரும் மேட்டுல ஏறிட்டா வலையை யாருப்பா இழுக்கிறது? போய் உலையை வை. ரெஜினா வீட்டுக்கும் சேத்து."