ராஜா குனிந்த கிட்டிப்புள்

முன்னொரு காலத்தில், தோல்வி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு ராஜா இருந்தார். தோற்க விட்டால்தானே தெரியும்! கிட்டிப்புள் என்றால் அவருக்கு உயிர். குழியின்மேல் வைத்த சின்னப் புள்ளை அவர் நீளக் கிட்டியால் கெந்தி மேலே எழுப்பிவிட்டால், அது மந்திரியின் கையிலேயே வந்து விழுந்தாலும் மந்திரி பிடிக்கமாட்டார். பிடித்தால் ராஜா அவுட்டாகிவிடுவாரே! எதிராளி அடித்த புள்ளை ராஜா பொறுக்கிக் குழியை நோக்கி எறிய வேண்டி வந்தால், தளவாய் ராயப்பர் முந்திக்கொண்டு ஓடிப்போய்த் தாமே எறிவார். ராஜா குனியலாமா?

ஒருநாள் ராஜாவுக்குச் சலித்துவிட்டது.

"நாளை அரசவை விகடன் பேச்சிமுத்து என்னோடு ஆடட்டும். யார் அடித்த புள் அதிக தூரம் போகிறதோ அவருக்கே வெற்றி. வேண்டுமென்றே தோற்றால் நாடு கடத்துவேன். எனக்காக எந்த முறையும் மாறக்கூடாது."

பேச்சிமுத்துவைக் கண்டாலே தளவாய்க்கு வயிறு எரியும். உடனே கைகட்டி நின்றார்.

"மகாராஜா, குழிக்கு எறிந்து தவறவிட்டவர் ஜெயித்தவரை முதுகில் சுமக்க வேண்டும் என்ற முறையும் உண்டல்லவா?"

"உண்டு, உண்டு!" என்றார் ராஜா, யோசிக்காமல்.

பேச்சிமுத்து வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னான். ராஜாவின் முதுகில் ஏறினால் தலை தப்புமா?

"பேசாமத் தோத்துட்டு வாங்க. வேற ஊர்ல போய்ப் பொழைச்சுக்கலாம்" என்றாள் அவன் மனைவி ஒச்சாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இந்த ஊர விட்டு எங்கடி போறது? ஜெயிச்சுட்டே வரேன்."

மறுநாள் அரண்மனைத் திடலில் ஊரே கூடியது. ராஜா கெந்தினார். மேலே எழும்பிய புள்ளைப் பேச்சிமுத்து தாவி இரு கையாலும் பிடித்துவிட்டான். ராஜா ஒருகணம் திகைத்தார், பிறகு அவர் முகம் மலர்ந்தது. அவர் வாழ்நாளில் முதல்முறையாக அவுட்!

அடுத்தது பேச்சிமுத்துவின் முறை. அவன் பலமாகக் கெந்தவில்லை. புள் தாழப் பறந்து, ஓரமாய் நின்ற தளவாயின் காலடியில் விழுந்தது. எடுப்பதற்காக ராஜா ஓடிவந்து குனியப் போனார். தளவாய்க்குப் பொறுக்குமா?

"ஐயையோ, மகாராஜா குனிவதா!" என்று பதறி, பழக்கதோஷத்தில் புள்ளை எடுத்துத் தாமே எறிந்தார். அது குழியைத் தாண்டிப் போய் விழுந்தது.

பேச்சிமுத்து அங்கே போய்ப் புள்ளின் நுனியைத் தட்டி, எழும்பியதை ஓங்கி அடித்தான். அது யானைக்கொட்டடிக் கூரைமேல் போய் உட்கார்ந்தது. வெற்றி!

"முறை முறைதான்!" என்று தளவாய் குதித்தார். "ஏறு பேச்சிமுத்து!" காவலர்களைப் பார்த்துக் கண்ணையும் காட்டினார்.

"ஏறுகிறேன் பிரபு. சற்றுக் குனியுங்கள்" என்றான் பேச்சிமுத்து, தளவாயைப் பார்த்து.

"நானா? எதற்கு?"

"எறிந்து தவறவிட்டவர் தாங்கள்தானே? முறையைச் சொன்னவரும் தாங்களேதான்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தளவாய் மூச்சிரைக்க யானைக்கொட்டடியிலிருந்து குழிவரை பேச்சிமுத்துவைச் சுமந்து வந்தார். கூட்டத்தில் நின்ற ஒச்சாயி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் பேச்சிமுத்துவின் கழுத்தில் போட்டார். "நாளைக்கும் வா. என்னை மறுபடி அவுட்டாக்கு!" என்றார்.

அன்றிலிருந்து ராஜாவின் புள்ளை எடுக்க அரசவையில் ஒருவரும் ஓடவில்லை. ராஜாவே குனிந்தார், வெகு சந்தோஷமாக.