விலக்குப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்

செய்யாத தப்புக்காகத் தமயந்தியின் வேலை போக இருந்தது. கல்லூரியின் லினக்ஸ் சர்வருக்குள் வைரஸ் புகுந்ததும், துறைத்தலைவர் ஞானசிகாமணி கொஞ்சமும் விசாரிக்காமல் கணினிக்கூடத்துத் தற்காலிக ஊழியரான அவளைக் கைகாட்டிவிட்டார். பழி சுமக்கத்தானே தற்காலிக ஊழியர்களை வைத்திருக்கிறார்கள்?

"இனி யார் எந்த ஃபைலைத் திறந்தாலும் அந்த நொடியே ஆன்டிவைரஸ் சோதிக்கணும். இன்னொரு வைரஸ் வந்தா நீ வீட்டுக்குப் போகலாம்" என்றார். "ஆனா என் ஃபைலைத் தொடக் கூடாது. சோதிக்க நான் என்ன திருடனா?"

"சோதிக்க வேண்டாதவங்களுக்குன்னு ஒரு விலக்குப் பட்டியல் இருக்கு, அதுல உங்க பேரைச் சேர்த்துடலாம் சார். எழுத்துல மட்டும் குடுங்க."

அவர் பெருமையாக எழுதிக் கையெழுத்திட்டார். அவளும் அப்படியே அமைத்தாள்.

பத்தே நாளில் மறுபடியும் வைரஸ். கல்லூரி முதல்வர் அம்மாவின் அறையில் ஞானசிகாமணி மேசையைத் தட்டினார். "இவ ஒழுங்கா வேலை பார்த்திருந்தா, வைரஸ் யார் மூலமா வந்துச்சுன்னு சொல்லட்டும் மேடம்."

தமயந்தி நிமிர்ந்து நின்று, அவர் கையெழுத்திட்ட தாளை முதல்வரிடம் நீட்டினாள்.

"நானூத்திப் பன்னிரண்டு பேரோட ஃபைலையும் சோதிச்சுத்தான் திறக்க விட்டிருக்கேன் மேடம். ஒருத்தரோடதை மட்டும் சோதிக்கல. சோதிக்க நான் என்ன திருடனான்னு அவர்தான் கேட்டாரு."