கல்லை மீறிய அரசர்

கொடுப்பது ஒரு கைப்பிடி, அதைச் சொல்லிக்கொள்வது ஊர் முழுக்க. இந்தக் காலத்து மனிதர்கள் அப்படி. முன்னொரு காலத்தில் மட்டும் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை.

ஓர் அரசர் ஐந்து வயதில் பட்டத்துக்கு வந்தார். அன்று அவரைத் தராசில் உட்காரவைத்து, அந்த எடைக்கு ஒரு கல் செதுக்கினார்கள். தலைநகரில் படிக்கும் மாணவர்கள் நெல் குத்திக் கூலியாகப் பெறும் அரிசியில், மாதாமாதம் அந்தக் கல்லின் எடைவரை வரி கிடையாது. மிஞ்சியதில் பாதி அரண்மனைக்கு.

அரசருக்கு ஐம்பது வயதாயிற்று. அறை வாடகைக்கும் எண்ணெய்க்கும் உப்புக்கும் முன்னைவிட நாலு மடங்கு அரிசி அளக்க வேண்டியிருந்தது. கல் மட்டும் அப்படியே இருந்தது. வைத்தியம் படிக்கும் வெள்ளியம்பலம், வாடகை கொடுக்க வழியில்லை, படிப்பை விட்டு ஊருக்கே போகிறேன் என்று அரண்மனை விகடகவி சடையாண்டிக் கிழவரிடம் வந்து நின்றான். கிழவருக்குப் பள்ளிக்கூடம் தெரியாது, பசி தெரியும்.

"சாயங்காலம் வரைக்கும் இருடா. ஏதோ நடக்கும்னு சொல்லல. இருன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

அன்று பட்டமேற்ற நாள் விழா. சபையில் தராசுக்கு மாலை போட்டிருந்தார்கள். பொக்கிஷதார் திருமேனிராயர் வரிச்சலுகையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். போதாது என்றார் சடையாண்டி. அவர்மேல் நெடுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த ராயர் விடுவாரா?

"பிரபு, அந்தக் கல் தங்கள் திருமேனியின் அளவு. அதைப் பழிப்பவன் தங்களையே பழிக்கிறான்."

அரசருக்கு விளையாட்டுப் புத்தி. கல்லைக் குறை சொல்லாமல் சலுகையின் குறையைக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றார். சடையாண்டி அவரை ஒருமுறை தராசில் அமரச் சொன்னார். அரசர் அமர்ந்ததும் தட்டு தரையில் இடித்தது. எதிர்த்தட்டில் கல் அந்தரத்தில் ஆடியது. கல் சரியானதுதானே என்று ராயரைக் கேட்டார் கிழவர். சரிதான் என்று ராயரும் சொல்லிவிட்டார்.

"அப்படியானால் பிசகு அரசரிடம். கல்லுக்குச் சமமாகும்வரை மடைப்பள்ளியைப் பூட்டிவிடுங்கள், பிரபு. இளைப்பது எப்படி என்று மாணவர்கள் சொல்லித் தருவார்கள். அவர்களுக்குப் பழக்கம்."

அரசரோ தட்டு குலுங்கச் சிரித்தார். இனி ஆண்டுதோறும் தம் எடைக்குப் புதுக் கல் செதுக்க உத்தரவிட்டு, சடையாண்டிக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

"வாடகை தங்கள் இடுப்பைப் பார்த்தா ஏறுகிறது, பிரபு?" என்றார் கிழவர். அதையும் விகடம் என்றெண்ணி அரசர் இன்னும் சிரித்தார்.

வாசலில் வெள்ளியம்பலம் வாடிப்போய் நின்றான். சலுகை கூடிய செய்தி காதில் விழுந்ததுமே, அடுத்த மாதம் வாடகையும் கூடும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

சடையாண்டி சால்வையை உருவி அவன் தோளில் போட்டார்.

"இத வித்து இந்த மாசத்தக் கட்டு. போய்ப் படி. அடுத்த மாசத்த நான் நம்பல."

சொல்லிவிட்டு, உள்ளே ஓயாத சிரிப்பைத் திரும்பிப் பாராமல் நடந்தார்.