ஒரே ஆழம்

கிணற்றில் மண் விழுந்த சத்தம் முப்பது வருஷமாகியும் கவ்ஸின் காதை விட்டுப் போகவில்லை. முதலில் தண்ணீரில் மண் விழும் சத்தம். அப்புறம் மண்மேல் மண் விழும் சத்தம். அவருடைய தகப்பன் தோண்டிய கிணறு அது. தூர்த்தவன் பாஹோர், பக்கத்து எகிப்தியக் கிராமத்தின் தலைவன். அந்த இடத்தில் இப்போது பாஹோரின் வாற்கோதுமை விளைகிறது.

எகிப்தின் கிழக்குக் கோடியில் இருந்த அந்த மாவட்டத்துக்கு அரபியா என்று பெயர். கவ்ஸின் இனத்தாரான அரபுகள் அங்கே ஆடு மேய்த்தார்கள். வெள்ளக் காலத்தில் எகிப்திய ஊர்களின் கரைகளைக் காத்தார்கள். அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது.

அந்த வருஷம் கோடை பொல்லாததாக இருந்தது. பாஹோரின் கால்வாயில் ஆடுகள் குடிக்கலாம், பதிலுக்கு வெள்ளம் வரும்போது அரபுகள் அவன் கரையைக் காக்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். பேச்சு செல்ல வேண்டுமானால் சத்தியம் வேண்டும். இரு தரப்புக்கும் நடுவே ஒருவர் நின்று, கட்டை விரலுக்கு அடியில் கூர்ங்கல்லால் கீறி, அவரவர் மேலாடையில் பிடுங்கிய நூலை இரத்தத்தில் தோய்த்து ஏழு கற்களில் பூசுவார். இரண்டு கீறலும் ஒரே ஆழம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சத்தியம் செல்லாது.

நடுவே நிற்கிறவள் ரகாஷ். கவ்ஸைவிடப் பத்து வயது இளையவள். நாலு வருஷமாக அவர் அவளிடம்தான் அந்த வேலையைக் கற்றுவந்தார். அன்று பாஹோர் எதிரே வந்து நிற்க, முதல்முறையாகக் கல்லை அவர் கையில் கொடுத்தாள்.

"இவன் கையையா, அம்மா?"

"உமி கனம் கீறினால் போதும், பெரியவரே."

அரபுகள் பக்கம் கை நீட்ட வந்தவன் ஸப்தி, கவ்ஸின் செத்துப்போன தம்பியின் மகன். மாவட்ட அலுவலகத்து எழுத்தனும் வந்திருந்தான். கவ்ஸைக் கண்டதும், நிலம் கேட்டு மனுமேல் மனுப் போட்டவர் இவர்தானே என்று எல்லோருக்கும் காட்டினான். மாவட்டத்தையே உங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிறோம், இன்னும் என்னய்யா வேண்டும் என்று கேட்டான்.

பாஹோர் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

கவ்ஸ் கல்லை அழுத்தினார். எலும்பு தட்டுப்பட்டது.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் பாஹோர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "நான் நகரவில்லை. உங்கள் ஆளை நீட்டச் சொல்லுங்கள்" என்றான்.

ஸப்தி நீட்டினான். அவனுக்குப் பின்னால் ஆடுகள் நாக்கு வறண்டு நின்றன.

கவ்ஸ் கல்லை ரகாஷிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. தொடங்கிய கைதான் முடிக்க வேண்டும் என்றாள்.

"இந்தப் பிள்ளை என்ன செய்தான், அம்மா?"

"ஒன்றும் செய்யவில்லை."

"அப்படியானால் என் கோபம் தப்பா? சொல்லுங்கள். பாஹோரை நினைத்து நான் கோபப்படக் கூடாதா?"

ரகாஷ் பாஹோரின் கையிலிருந்து சொட்டிய இரத்தத்தைப் பார்த்தாள்.

"என் அப்பாவை இவனுடைய களத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். உங்களைவிட எனக்குக் கோபம் அதிகம், பெரியவரே. என் கையை நான் நம்பவில்லை. அதனால்தான் கல்லை உங்களிடம் கொடுத்தேன்."

கவ்ஸ் ஸப்தியின் கையைப் பிடித்து, கல்லை அழுத்தினார்.

ஆடுகள் அந்தக் கோடையைத் தாண்டின. ஸப்தியின் வலது கட்டை விரல் பிறகு மடங்கவே இல்லை.