உருளி துலக்கிய ஆவுடையப்பர்

தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு சிவன் கோயில் மடப்பள்ளியில் பாத்திரம் துலக்கும் திருப்பணி செய்துவந்தார் ஆவுடையப்பர். விடியுமுன் ஆற்றில் முழுகி, நீறு பூசி, புளியும் சாம்பலுமாக உட்காருவார். கை துலக்கும், வாய் ஐந்தெழுத்தை ஓதும். பூசை முடிந்தபின் பொங்கல் உருளியில் ஒட்டியிருக்கும் காந்தலைச் சுரண்டி உண்பதே அவருடைய காலை உணவு. இறைவன் தமக்கென்றே ஒட்டவைத்த பிரசாதம் என்று அதைக் கருதினார்.

ஒட்டவைத்தது இறைவன் அல்லர். பெரிய சமையற்காரர் கோமதிநாயகமும் சின்னவர் கைலாசமும் ஐப்பசியிலிருந்து பேசுவதில்லை. அன்னாபிஷேகத்தன்று கட்டளைதாரர் ஒருவர் பெரியவரிடமே கைலாசத்தின் புளியோதரையைப் புகழ்ந்துவிட்டார். கைலாசம் அடக்கமாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பெரியவர் மன்னிக்கவில்லை. மறுநாளே பொங்கல் வேலையைக் கைலாசத்திடம் விட்டார். உருளியின் குணத்தை மட்டும் சொல்லித்தராமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். எச்சில் தெறிக்காதிருக்க வாயில் துணி கட்டிச் சமைப்பது அங்கே வழக்கம். ஆகவே அவர்கள் பேசாதிருந்ததைப் பக்தி என்றே பலரும் நினைத்தார்கள்.

பொங்கல் நாள்தோறும் தீய்ந்தது. கோயில் அதிகாரி விசாரித்தபோது, உருளி சரியாகத் துலக்கப்படவில்லை என்று பெரியவர் சொன்னார். பெரியவரிடம் கேட்பதைவிட அடுப்பை விழுங்கலாம் என்றிருந்த கைலாசம் அதை மறுக்கவில்லை. திருவாதிரைக்கும் அடிப்பிடித்தால் துலக்க வேறு ஆள் என்று அதிகாரி அறிவித்தார். பூக்கட்டுகிறவர்கள் ஆவுடையப்பருக்குக் 'காந்தல் நாயனார்' என்று பட்டம் சூட்டினார்கள். அவர் அதையும் கும்பிட்டு ஏற்றார். ஆனால் கோயிலை விட்டுப் போகச் சொன்னால் எங்கே போவது என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

திருவாதிரைக்கு முந்தின பகல். படித்துறையில் பெரியவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கீழ்ப்படியில் கைலாசம் முதுகைக் காட்டி அரிசி களைந்துகொண்டிருந்தார். இடையில் போய் அமர்ந்தார் அடியார் ஆவுடையப்பர்.

"அண்ணாச்சி, எப்படித் துலக்குனா அடிப்பிடிக்காது?"

"கூறுகெட்டவனே, துலக்குறதுல என்னல இருக்கு? பிடி ஒடிஞ்ச பக்கம் வெண்கலம் மெலிசு. வெல்லம் விழுந்ததும் அந்தப் பக்கத்து விறகை வெளிய இழுத்துரணும்."

"காது மந்தம் அண்ணாச்சி. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அடியாருக்குப் பாம்புக் காது. அது பெரியவருக்கும் தெரியும். அரிசி களையும் ஓசை நின்றிருந்தது. பெரியவர் கைலாசத்தின் முதுகைப் பார்த்தார்; வெற்றிலையைத் துப்பினார். பிறகு அக்கரைக்கே கேட்கும்படி மறுபடி சொன்னார்.

திருவாதிரைப் பூசை முடிந்து உருளி வந்தது. உள்ளே ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை. வேலை நிலைத்தது; காலை உணவு போயிற்று. அடியார் வெற்று உருளியை வணங்கிவிட்டுப் புளியை எடுத்தார்.

அடுத்த உலைக்கு நின்ற பெரியவர் வாய்த்துணியை அவிழ்த்தார்.

"கைலாசம், அவனுக்கு ரெண்டு கரண்டி எடுத்து வை."

கைலாசமும் அவிழ்த்தார். "மேல நெய் ஊத்தட்டுமா, அண்ணாச்சி?"

"அதையும் கேக்கணுமாக்கும்."

ஐப்பசிக்குப்பின் அவர்கள் பேசிக்கொண்ட முதற்சொல் இதுவே. ஆவுடையப்பர் அதை இறைவன் வாக்கென்றே கேட்டார். இலையில் விழுந்த பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறர் வாய்திறக்கத் தம் காதைச் செவிடாக்கிய அந்த எளியவரின் சாம்பல் படிந்த கைகள் வாழ்க.